முறைப்பாட்டுத் தாளில் இருந்து நடுவர் மேசைக்கு: ஒன்ராறியோவில் ஒரு வேலைநீக்க வழக்கு

யூனியன் உள்ள வேலையிடத்தில் ஒருவரை நிற்பாட்டிவிட்டால் வீட்டில் எழும் முதல் பேச்சு, "நல்ல லோயராப் பிடிச்சுக் கொம்பனிக்கு மேல கேஸ் போடு" என்பதாகத்தான் இருக்கும். கனடாவில் அந்தக் கதவு அநேகமாகப் பூட்டியது. முதுகுவலி காரணமாக நீண்ட விடுப்பில் இருந்த ஊழியர் ஒருவரை வேவு பார்க்க அவருடைய நிறுவனம் தனியார் துப்பறிவாளர்களை அனுப்பியது. அவர்கள் பொய்க் காரணம் சொல்லி அவர் வீட்டுக்குள்ளும் போனார்கள். அவர் நீதிமன்றத்துக்குப் போனார். வெபர் எதிர் ஒன்ராறியோ ஹைட்ரோ என்ற அந்த வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பதில் இதுதான்: பிணக்கின் வேர், யூனியனும் கொம்பனியும் செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தத்தில் இருந்தால் அதைத் தீர்க்கவேண்டியவர் இரு தரப்புக்கும் பொதுவான தொழில் நடுவர், நீதிபதி அல்ல.

இந்த ஏற்பாடு ஒரு கொடுக்கல் வாங்கலில் பிறந்தது. 1944 பெப்ரவரியில், போர்க்காலத்தில், மத்திய அரசு கொண்டுவந்த பி.சி. 1003 என்ற ஆணை, தொழிலாளர் தெரிந்தெடுத்த யூனியனோடு பேசவேண்டிய கடமையை முதலாளிமார் மீது வைத்தது. கூடவே, ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை வேலை நிற்காமலே பிணக்குகளைத் தீர்க்க ஒரு வழி இருக்கவேண்டும் என்றும் சொன்னது. ஒன்ராறியோவின் 1995ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் அதே பாதையில்தான் போகிறது. ஒப்பந்தக் காலத்தில் தொழிலாளரின் வேலைநிறுத்தமும் முதலாளியின் கதவடைப்பும் கூடாது. அதற்கு ஈடாக, ஒப்பந்தத்தை ஒட்டி எழும் எந்தப் பிணக்கும் நடுவர் முன் போய் இறுதியாகத் தீரவேண்டும் என்கிறது 48ஆம் பிரிவு.

இதில் இருந்து ஒரு விளைவு வருகிறது. முதன்முறையாக இந்த வழியில் போகிறவர்களுக்கு அது பிடிபட நாளாகும். நடுவரின் அதிகாரம் ஒப்பந்தத்தில் இருந்து வருவது. "எனக்கு அநியாயம் நடந்தது" என்பதை மட்டும் வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த விதி மீறப்பட்டது, எப்போது, அதற்கு என்ன சான்று, அதற்காக அவர் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறீர்கள்? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் அது முறைப்பாடு. இல்லாவிட்டால் மனக்குறைதான். தயாரிப்பு என்று நான் சொல்வதெல்லாம் கோபத்தை இந்த நான்கு பதில்களாக மாற்றும் வேலையைத்தான். அந்த வேலையில் பெரும்பகுதி, நடுவரின் பெயரே தெரியாத முதல் சில நாட்களிலேயே முடிந்துவிடுகிறது, அல்லது கெட்டுவிடுகிறது.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முறைப்பாட்டில் உங்கள் பெயர் இருந்தாலும் அது யூனியனுக்குச் சொந்தமானது. நடுவரிடம் கொண்டுபோவதா, சமரசமாக முடிப்பதா, கைவிடுவதா என்பதை யூனியன் தீர்மானிக்கும். நடுவரின் கட்டணத்தில் வழக்கமாகப் பாதியை யூனியனும் பாதியைக் கொம்பனியும் கட்டுகின்றன. அதனால் எல்லா முறைப்பாடும் அந்த மேசைக்குப் போவதில்லை. யூனியனுக்கு உள்ள கடமை அதே சட்டத்தின் 74ஆம் பிரிவில் இருக்கிறது: எதேச்சையாகவோ, பாகுபாட்டோடோ, கெட்ட எண்ணத்தோடோ நடக்கக்கூடாது. வழக்கைப் படித்துப் பார்த்து, வெல்ல வாய்ப்பில்லை என்று நேர்மையாக முடிவெடுத்தால் அது இந்தக் கடமையை மீறியதாகாது. அலுமாரிக்குள் போட்டுவிட்டு நாள் தவறவிட்டால் கதை வேறு. "யூனியன் எனக்கு வேலை செய்யவேண்டும்" என்று ஸ்டூவர்ட்டோடு (வேலையிடத்தில் உள்ள யூனியன் பிரதிநிதியோடு) சண்டை பிடிப்பவர்களைவிட, ஸ்டூவர்ட்டுக்கு வேண்டிய தாள்களைத் தேடிக் கொடுப்பவர்களின் வழக்குத்தான் முன்னுக்குப் போகும். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. ஆனால் நடப்பு அப்படி.

ஓர் உதாரணத்தை வைத்துப் பார்ப்போம். இது கற்பனை, ஆனால் இப்படியான வழக்குகள் வருவதுண்டு. ஸ்காபரோவில் ஒரு வெயார்ஹவுஸ். போர்க்லிஃப்ட் ஓட்டுபவர், 14 வருடச் சேவை, பதிவில் ஒரு கீறலும் இல்லை. மாலை ஷிப்ட் இரவு 11 மணிக்கு முடியும். ஒருநாள் 10:20க்கு வெளியே போகிறார். 11 மணிக்கு அவருடைய நேரம் பதியும் அட்டையை, கூட வேலை செய்பவர் ஒருவர் தட்டிவிடுகிறார். கமராவில் இரண்டும் இருக்கின்றன. இரண்டு நாள் கழித்து எச்ஆர் (மனிதவளப் பிரிவு) கூப்பிட்டுக் கேட்கும்போது, "11 மணி வரை நின்றேன்" என்கிறார். மூன்றாம் நாள் வேலைநீக்கக் கடிதம். காரணம்: நேரத் திருட்டு, விசாரணையில் பொய்.

அன்றிரவு அவர் செய்யவேண்டியது ஒன்றுதான்: எழுதுவது. யார் கூப்பிட்டார்கள், அறையில் யார் யார் இருந்தார்கள், யூனியன் ஆள் இருந்தாரா, என்ன கேட்டார்கள், என்ன சொன்னார், எத்தனை மணிக்கு. வழக்கு மேசைக்கு வர மாதங்கள் போகும். சிலவேளை ஒரு வருடத்துக்கு மேலும் போகும். அதற்குள் ஞாபகம் தன் வசதிக்கு மாறிவிடும். அன்றே எழுதிய ஒரு பக்கம், பிறகு சொல்லும் ஒரு மணி நேரக் கதையைவிடப் பாரமானது. குறுஞ்செய்திகளை அழிக்கக்கூடாது. கூட வேலை செய்பவர்களுக்கு "நீ இப்படிச் சொல்லு" என்று அனுப்பவே கூடாது. அந்தச் செய்தி எதிர்த்தரப்புக் கையில் அகப்பட்டால் மொத்த வழக்கும் அதைப் பற்றியதாகிவிடும்.

அடுத்தது காலக்கெடு. முறைப்பாட்டை எழுத்தில் கொடுக்க எத்தனை நாள் என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். ஐந்து வேலை நாட்கள் மட்டும் தருவனவும் உண்டு. தவறிப்போனால், நியாயமான காரணம் இருந்து, மறுதரப்புக்குப் பெரிய பாதிப்பும் இல்லை என்றால் நடுவர் நாளை நீட்டலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அதை நம்பி இருப்பது புத்திசாலித்தனம் அல்ல. வழக்கின் முதல் நாள் முழுவதும் "ஏன் பிந்தியது" என்ற வாதத்தில் போய்விடும்.

முறைப்பாட்டுத் தாளில் கதை எழுதவே கூடாது. நம் வழக்குக்கு மூன்றே வசனம் போதும்: இன்ன திகதியில் நியாயமான காரணம் இல்லாமல் வேலையில் இருந்து நீக்கப்பட்டேன், இது கூட்டு ஒப்பந்தத்தின் இன்ன விதியையும், பொருந்தக்கூடிய வேறெந்த விதியையும் சட்டத்தையும் மீறியது, வேலையில் திரும்ப அமர்த்தி, இழந்த சம்பளம், பணிமூப்பு, மற்றப் பலன்கள் எல்லாவற்றையும் தரும்படி கேட்கிறேன். "பொருந்தக்கூடிய வேறெந்த விதியும்" என்ற சொற்றொடர் அலங்காரத்துக்கு இல்லை. பிறகு மனித உரிமைச் சட்டம் சார்ந்த ஒரு வாதம் தேவைப்பட்டால் அந்த வழியால்தான் உள்ளே வரலாம். மனித உரிமைச் சட்டமும் வேலைத்தரச் சட்டமும் ஒவ்வொரு கூட்டு ஒப்பந்தத்துக்குள்ளும் அடங்கியவை என்று 2003இல் பரி சவுண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. மாறாக, ஒரு பக்கம் நிறையக் கதை எழுதிக் கொடுத்தால், பிறகு சாட்சி சொல்லும்போது ஒரு சொல் மாறினாலும் அதைத் தூக்கிப் பிடிப்பார்கள்.

இனி வழக்கின் உள்ளே. ஒழுங்கு நடவடிக்கை வழக்குகளில் நிரூபிக்கும் பொறுப்பு கொம்பனிக்கு. அதனால் அவர்கள்தான் முதலில் சாட்சிகளைக் கூப்பிடவேண்டும். ஓவர்ரைம் ஏன் எனக்குத் தரவில்லை, வெற்றிடம் ஏன் இளையவருக்குப் போனது என்ற மாதிரி வழக்குகளில் பொறுப்பு யூனியனுக்கு. நிரூபணத்தின் அளவு, நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பதுதான். குற்றச்சாட்டு திருட்டாக இருந்தாலும் அளவு அதேதான், குற்றவியல் நீதிமன்றத்தின் அளவு அல்ல. 2008இல் உச்ச நீதிமன்றத்தின் மக்டூகல் தீர்ப்புக்குப் பிறகு இதில் சந்தேகமே இல்லை.

நடுவர் தன்னையே கேட்டுக்கொள்ளும் கேள்விகள் மூன்று. 1977இல் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில் உறவுச் சபை, போல் வைலர் தலைமையில், வில்லியம் ஸ்கொட் என்ற வழக்கில் வகுத்தது நாடு முழுக்கப் பரவிவிட்டது. தண்டிக்கக்கூடிய ஏதாவது நடந்ததா? நடந்திருந்தால், வேலைநீக்கம் மிகையான தண்டனையா? மிகை என்றால், பதிலுக்கு எது பொருந்தும்?

நம் போர்க்லிஃப்ட்காரரின் வழக்கில் முதல் கேள்வியில் யூனியன் தோற்றுவிட்டது. வீடியோ இருக்கிறது. இங்கேதான் தயாரிப்பின் முக்கியமான முடிவு வருகிறது, அநேகர் பிழை விடுவதும் இங்கேதான். முதல் கேள்வியில் விடாப்பிடியாக நின்று, கமரா மணி பிழை, ஆள் நான் இல்லை என்று வாதாடினால் இரண்டாம் கேள்வியில் கிடைக்கக்கூடியதும் போய்விடும். 1964இல் ஸ்டீல் எக்விப்மென்ட் வழக்கில் ஒன்ராறியோ நடுவர் மன்று ஒன்று பட்டியலிட்ட, தண்டனையைக் குறைக்கக்கூடிய காரணங்கள் இன்றும் பேசப்படுகின்றன: நீண்ட சேவை, சுத்தமான பதிவு, தனித்த ஒரு சம்பவமா, முன்கூட்டித் திட்டமிட்டதா அல்லது அந்த நேரத்து உந்துதலா, வேலை போவதால் இந்த ஆளுக்கு வரும் விசேட கஷ்டம், விதியை எல்லோர் மீதும் ஒரேமாதிரிப் போட்டார்களா. இவற்றோடு, பிழையை ஒப்புக்கொள்கிறாரா என்பதையும் நடுவர்கள் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். காரணம் எளிது. திரும்பப் போய் வேலை செய்ய நம்பிக்கை வேண்டும், பொய்யை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர் மேல் நம்பிக்கை வைக்க முடியாது.

அவர் ஏன் 10:20க்குப் போனார்? மகளுக்கு மூச்சுத்திணறல், மனைவி போனில் கூப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இதைச் சொன்னால் போதாது. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் பதிந்த நேரம் 10:52 என்று காட்டும் தாள் வேண்டும். போனில் வந்த அழைப்பின் பதிவு வேண்டும். இரண்டையும் சேர்த்து வைத்தால் 10:14க்கு அழைப்பு, 10:20க்கு வாசல், 10:52க்கு ஆஸ்பத்திரி என்று ஒரு கோடு விழும். அட்டையைத் தட்டும்படி அவர் கேட்டாரா, கூட்டாளி தானாகச் செய்தாரா என்பதும் பெரிய வித்தியாசம். கூட்டாளியைச் சாட்சியாகக் கூப்பிடுவதா என்பது யூனியன் சட்டத்தரணிக்குத் தலையிடிதரும் முடிவு. அந்தக் கூட்டாளிக்கு என்ன தண்டனை என்று கேட்டீர்களா? அவருக்கு ஐந்து நாள் இடைநிறுத்தம் என்றால், அதே சம்பவத்தில் இருவருக்கு இரு அளவு என்ற வாதம் கையில் இருக்கிறது. முன்பு யாராவது இதே பிழையைச் செய்து எச்சரிக்கையோடு தப்பினார்களா? இந்தத் தகவல்கள் கொம்பனிக் கோப்பில் இருக்கும். வழக்குக்குச் சம்பந்தமான ஆவணங்களைத் தரும்படி உத்தரவிட நடுவருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் என்ன கேட்பது என்று தெரிந்தால்தான் கேட்கலாம். அது தெரிந்தவர்கள் சட்டத்தரணிகள் அல்ல, பக்கத்து மெஷினில் நின்று வேலை செய்பவர்கள்தான்.

இதிலேயே ஒரு பக்கக் குறிப்பு. "சின்ன எச்சரிக்கைக் கடிதம்தானே, பெரிசாக்க வேண்டாம்" என்று விட்டுவிடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். மூன்று வருடத்தில் அப்படி மூன்று கடிதம் சேர்ந்து, நாலாவதாக ஒரு சிறு சம்பவம் வந்தால் அதை முழுப் பதிவோடும் சேர்த்து வைத்துத்தான் கொம்பனி வேலைநீக்கம் செய்யும். அப்போது பழைய கடிதங்கள் பிழை என்று புதிதாக வாதாட முடியாது. அன்றே முறைப்பாடு கொடுத்திருக்கவேண்டும். இத்தனை மாதத்துக்குப் பிறகு பழைய ஒழுங்கு நடவடிக்கையைப் பயன்படுத்தக்கூடாது என்று உங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி இருக்கிறதா என்று பாருங்கள். அதேபோல, சூப்பர்வைசரின் உத்தரவு ஒப்பந்தத்துக்கு மாறானது என்று தெரிந்தாலும், ஆபத்தோ சட்டவிரோதமோ இல்லாவிட்டால், முதலில் செய்துவிட்டுப் பிறகு முறைப்பாடு கொடுப்பதுதான் விதி. மறுத்துவிட்டு வந்தவர், உத்தரவு பிழை என்றாலும், கீழ்ப்படியாமைக்குத் தண்டனை வாங்குவார்.

விசாரணை நடப்பது பெரும்பாலும் நீதிமன்றம் போன்ற இடத்தில் அல்ல. ஹோட்டல் ஒன்றின் கூட்ட அறை, தண்ணீர்ச் சாடி, இரண்டு பக்கமும் கோப்புகள். தொற்றுக்காலத்துக்குப் பிறகு திரை வழியாகவும் நடக்கிறது. நடுவர் நடுவில் இருப்பார். சான்று ஒன்று கூட்டு ஒப்பந்தம், சான்று இரண்டு முறைப்பாடு என்று தொடங்குவது வழக்கம். இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் விஷயங்களை முன்கூட்டியே எழுதி வைத்தால் அரைநாள் மிச்சம். நீதிமன்றத்தில் எடுபடாத சான்றையும் ஏற்க நடுவருக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஏற்பது வேறு, அதற்குப் பாரம் கொடுப்பது வேறு. "அவர் சொன்னதாக இவர் சொன்னார்" என்பதை எழுதிக்கொள்வார். தீர்ப்பில் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

நடுவர் வரும் அன்று காலையில் சாட்சிகள் பேசுவதற்கு முன் அநேகமாகச் சமரசப் பேச்சுத்தான் தொடங்கும். இரண்டு தரப்பும் வெவ்வேறு அறையில், நடுவர் இங்கும் அங்குமாக நடப்பார். கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு விலகுவதா, சம்பளம் இல்லாமல் திரும்பப் போவதா? இதற்கு அந்த அறையில் வைத்து முதன்முறையாக யோசிப்பவர் பாவம். மனைவியோடு, கணவரோடு முதல் நாளே கதைத்து, எதற்கு ஒத்துக்கொள்ளலாம், எது வேண்டாம் என்று தீர்மானித்திருக்கவேண்டும். விலகுவதென்றால், வேலை முடியும்போது கொம்பனி தரும் வேலைப்பதிவுத் தாளில் என்ன காரணம் போடப்படும், அடுத்த கொம்பனி கேட்டால் என்ன சொல்வார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கவேண்டும். இவை பணத்தைவிட முக்கியமாகப்படும் நேரம் வரும். நடுவரிடம் வருமுன் யூனியனும் கொம்பனியும் பேசும் முறைப்பாட்டுக் கட்டங்களிலும் இந்த அறையிலும் சமரசத்துக்காகச் சொன்னது எதையும் பிறகு சான்றாக வைக்க முடியாது. அதனால் தாராளமாகப் பேசலாம்.

சமரசம் வரவில்லை என்றால் குறுக்கு விசாரணைதான். நம் ஆளின் நேரம் வரும்போது கொம்பனி சட்டத்தரணி இப்படித் தொடங்குவார்:

"10:20க்கு வெளியேறினீர்கள்?"

"ஓம்."

"11 மணிக்கு அட்டையைத் தட்டியது நீங்கள் இல்லை?"

"இல்லை."

"எச்ஆர் கேட்டபோது 11 வரை நின்றதாகச் சொன்னீர்கள்?"

"ஓம். அது பொய். வேலை போய்விடும் என்று பயந்து சொன்னேன்."

இதற்குப் பிறகு கேட்க அதிகம் இல்லை. மாறாக, "அப்படிச் சொன்னேனோ தெரியாது, கேள்வி வடிவா விளங்கேல்லை" என்று இழுத்தால் சட்டத்தரணி ஒரு மணி நேரம் நின்று விளையாடுவார். ஒவ்வொரு இழுப்பும் ஒரு பொய்யாக எண்ணப்படும். உண்மையாகவே ஆங்கிலம் தடக்குகிறது என்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று யூனியனிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். பாதியில், கஷ்டமான கேள்வி வந்த இடத்தில் கேட்டால் தப்பிக்கும் வழி என்றுதான் படும். கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் நம்பமாட்டார்களோ என்று பயப்படத் தேவையில்லை. சாட்சியின் தோற்றத்தை மட்டும் வைத்து முடிவெடுக்கக்கூடாது, சொல்வது அந்தச் சூழ்நிலையில் நடக்கக்கூடியதோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கவேண்டும் என்பது 1950களின் தொடக்கத்தில் வந்த பாரின்யா எதிர் சோர்னி வழக்கில் இருந்து நடுவர்கள் வழக்கமாக எடுத்துச் சொல்லும் அளவுகோல். 10:14, 10:20, 10:52 என்ற அந்தக் கோட்டுக்கு இங்கேதான் வேலை.

கடைசி வாதத்தில் யூனியன் சட்டத்தரணி முந்தைய தீர்ப்புகளைக் கொண்டுவருவார். கன்லி (CanLII) என்ற இணையத்தளத்தில் அவை இலவசமாகக் கிடக்கின்றன, அநேகமாகப் பெயர்களோடு. உங்களைப் போன்ற வழக்குகள் எப்படி முடிந்தன என்று நீங்களும் வாசிக்கலாம். நீண்ட சேவை, ஒப்புக்கொள்ளல், உண்மையான அவசரம் எல்லாம் சேர்ந்த வழக்குகளில், வேலை திரும்பும், ஆனால் இழந்த சம்பளம் முழுவதுமோ பாதியோ திரும்பாது என்ற இடைநிலைத் தீர்ப்பை நிறையக் காணலாம். தண்டனையை மாற்றும் அதிகாரம் நடுவருக்குச் சட்டத்திலேயே இருக்கிறது. அதே மாதிரி வழக்குகளில், நடுவர் முன்னும் பொய்யைத் தொடர்ந்தவர்களுக்கு வேலை திரும்பக் கிடைக்காமல் போனதையும் காணலாம்.

சம்பளத்தோடு திரும்ப அழைக்கச் சொன்னால் கணக்கு தொடங்கும். வேலையில்லாமல் இருந்த காலத்தில் வேறு வேலை தேடினீர்களா என்று கேட்பார்கள். விண்ணப்பித்த இடங்களின் பட்டியலைத் திகதியோடு வைத்திருக்கவேண்டும். வேறெங்காவது உழைத்திருந்தால் அது கழிக்கப்படும். அந்தக் காலத்தில் வாங்கிய வேலையில்லாக் காப்புறுதிப் பணத்தை, கிடைத்த சம்பளத்தில் இருந்து அரசுக்குத் திருப்பிக் கட்டவேண்டி வரும். கணக்கில் இரு தரப்பும் ஒத்துப்போகாவிட்டால் அதே நடுவரிடம் திரும்பப் போகலாம் என்று தீர்ப்பின் கடைசி வரியில் எழுதுவது வழக்கம்.

தீர்ப்பைக் கொம்பனி மதிக்காவிட்டால் அதை உயர் நீதிமன்றத்தில் பதிந்து, நீதிமன்ற உத்தரவு போலவே நடைமுறைப்படுத்தலாம். தோற்றவர் நீதிமன்ற மீளாய்வு கேட்கலாம். ஆனால் அங்கே வழக்கை மறுபடி நடத்துவதில்லை. 2019இல் உச்ச நீதிமன்றத்தின் வாவிலோவ் தீர்ப்புக்குப் பிறகு நீதிபதிகள் பார்ப்பது, நடுவரின் முடிவு காரணத்தோடு கூடிய நியாயமான முடிவா என்பதை மட்டுமே. தாங்களாக இருந்தால் வேறு முடிவு எடுத்திருப்பார்களா என்பது கேள்வி அல்ல. நடுவர் மேசையில் வைக்காத ஆஸ்பத்திரித் தாளை அங்கே எடுத்துக்கொண்டு போனாலும், சாதாரணமாக அதை வாங்கிப் பார்க்கமாட்டார்கள்.